சோப்புக் காலனியின் ஒற்றை ஓட்டு

அவளுக்குச் சரிங்கக்கா என்று பெயர் வந்ததில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சோப்புத் தொழிற்சாலையில், உறை சுற்றும் பிரிவில், இருபத்திரண்டு வருஷ வேலை. ஷிப்டை மாற்றினால் "சரிங்க" என்பாள். லீவு கிடையாது என்றால் "சரிங்க" என்பாள். ஒருதரம் யாரோ செய்த தப்புக்கு சூப்பர்வைசர் இவளைப் பிடித்து அரைமணி நேரம் காய்ச்சி எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு அதற்கும் ஒரு "சரிங்க" சொன்னாள். திட்டியவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து வயசில் பெரியவர்கள்கூட அவளைச் சரிங்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பயம் அவளுக்கு உடம்போடு பிறந்தது. வாசல் மணி அடித்தால் பயம், தபால் வந்தால் பயம், வராவிட்டாலும் பயம். சிரித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் கூடுதல் பயம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று கணவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மட்டும் என்னவோ சிங்கம் மாதிரி! அதே தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் இடத்தில் கணக்கெடுக்கிறவன், மேலதிகாரி தும்மினால் இவனுக்கு மூக்கு ஒழுகும்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாருக்கும் தெரியாமல், டீச்சருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.

டீச்சர் யார் என்றால், தொழிற்சாலைக் காலனிக்கு எதிர்த்த தெருவில் டியூஷன் எடுக்கிறவர், இந்தத் தடவை வார்டு மெம்பர் தேர்தலில் எதிர்த்து நின்றவர். மெம்பர் யார் என்றால், அந்த வார்டுக்குப் பதினைந்து வருஷமாக மெம்பராக இருக்கிறவர், தொழிற்சாலை முதலாளியின் மச்சான். கடைசி இரண்டு தேர்தலில் அவரை எதிர்த்து ஒருத்தரும் மனுப் போடவில்லை. போட்டியே இல்லாமல் ஜெயித்துவிட்டு, "ஜனங்க என்மேல வச்ச அன்பு" என்று மாலையோடு படம் எடுத்துக்கொள்வார். காலனி வீடுகள் தொழிற்சாலைக்குச் சொந்தம். தொழிற்சாலை முதலாளிக்குச் சொந்தம். மீதியை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலனிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு பெரிய ரோடு. லாரிகள் நிற்காமல் பறக்கும். தினம் காலையில் நானூறு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டவேண்டும். சரிங்கக்காவுக்குப் பக்கத்து மேஜையில் உறை சுற்றிக்கொண்டிருந்தவள் ஒருநாள் தாண்டும்போது அடிபட்டு, இப்போது ஒரு காலோடு வீட்டில் இருக்கிறாள். ஒரு வேகத்தடையாவது போடச் சொல்லி மெம்பரிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், அந்த மனுஷன்.

டீச்சர் வீடு வீடாக வந்தபோது மற்றவர்கள் கதவை அரையாகத் திறந்து பேசி அனுப்பினார்கள். சரிங்கக்காவுக்கு அதற்கும் தைரியம் இல்லாததால் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். டீச்சர் ஒரு நோட்டை விரித்து, "இந்த வார்டுல உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டார். நாற்பத்தாறு வயசில் முதல் தடவையாக ஒரு ஆள் அவளை அப்படிக் கேட்டது.

"ரோட்டைத் தாண்டறப்ப பயமா இருக்குங்க" என்றாள்.

டீச்சர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் தெருமுனைக் கூட்டத்தில், பேர் சொல்லாமல், அந்த வரியை வாசித்தார். சரிங்கக்கா மாடி ஜன்னல் ஓரமாக நின்று கேட்டாள். தன்னுடைய பயத்தை ஒருத்தர் மைக்கில் பேசுவார், அது ஒரு பொதுக் காரியமாக ஆகும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் அந்த ஓட்டு.

போட்ட கையோடு பயம் வந்துவிட்டது. முத்திரை குத்தி, ஓட்டுச்சீட்டை மடித்துப் பெட்டியில் போட்ட பிறகுதான், எப்படி மடித்தோம் என்று அவளுக்கு உறைத்தது. சோப்புக்கு உறை சுற்றுகிற மாதிரியே மடித்திருந்தாள்! இரண்டு பக்கமும் முக்கோணமாக உள்ளே தள்ளி, நுனியைச் செருகி, கட்டை விரலால் ஒரு அழுத்து. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை செய்கிற கை, காகிதத்தைக் கண்டால் கேட்குமா? உலகத்தில் வேறு யாரும் ஓட்டுச்சீட்டை அப்படி மடிக்கமாட்டார்கள். பெட்டியின் துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நகருங்கம்மா" என்றார் தேர்தல் அலுவலர். "சரிங்க" என்று நகர்ந்தாள்.

நூற்றுக்கணக்கான சீட்டில் ஒரு சீட்டு எங்கே தெரியப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் பூத்து வாரியாக முடிவு ஒட்டினார்கள். வார்டில் மெம்பர்தான் ஜெயித்திருந்தார். காலனி பூத்து வரிசையில் இப்படி இருந்தது: மெம்பர் 638. டீச்சர் 1.

ஒன்று!

பலகைக்கு முன்னால் நின்ற கும்பலில் யாரோ "யாருடா அந்த மகராசன்?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே. பிறகு அதிகமாகச் சிரித்துவிட்டோமோ என்று பயந்து, சட்டென்று நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் காலனி ஹாலில் மெம்பர் நன்றி சொல்ல வந்தார். மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அந்த ஒரு ஓட்டு யாருன்னு நான் கேக்கமாட்டேன். எனக்குக் கோபமே இல்ல. நம்ம குடும்பத்துல யாருக்கோ மனசுல ஒரு குறை இருக்கு. தெரிஞ்சா சரி பண்ணலாம்னு பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்றார். இனிக்க இனிக்கச் சொன்னார். ஹாலில் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை.

மறுநாளே ஆரம்பித்தது கூத்து. முதலில் பாய்லர் பிரிவு மேஸ்திரி, மனைவி மக்களோடு மெம்பர் வீட்டுக்குப் போய், "நாங்க இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மெம்பர் கேட்கவே இல்லை! போனவர் தானாகப் போனார். அது தெரிந்ததும் அடுத்த வீடு போனது. அடுத்த வீடு போனதும், போகாத வீடுகளுக்குத் தூக்கம் போனது. மூன்றே நாளில் மெம்பர் வீட்டு வாசலில் வரிசை. குளித்து, தலை வாரி, நல்ல துணி உடுத்திக்கொண்டு, குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு, "நாங்க இல்லீங்க". மெம்பர் ஒவ்வொருவரிடமும், "அட, நான் கேட்டேனா?" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். வெட்கங்கெட்ட ஊர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரைக்கும் வருகிறது. ஆனால் வாடகை இல்லாத வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும்.

"நாமளும் போயிட்டு வந்துடலாம்" என்றான் கணவன். முகம் வெளிறியிருந்தது. "பாப்பா வேலை இருக்கு. மறந்துடாதே."

அவள் எங்கே மறந்தாள்? அதுதானே நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. மகள் தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டும். பட்டியல் மெம்பர் கையால் போய் முதலாளி கையெழுத்தாகித் திரும்பி வரும். ஒரு கோடு கிழித்தால் போதும், வேலையும் போகும், வீடும் போகும்.

மூன்று பேரும் போனார்கள். வரிசையில் நிற்கும்போது அவளுக்குக் காதுக்குள் கொய்யென்றது. மெம்பர் எதிரே போனதும் கணவன், "நாங்க இல்லீங்க" என்றான். குரல் உடைந்து பாதிதான் வந்தது. மெம்பர் அவளைப் பார்த்து, "என்ன சரிங்கக்கா, நீங்களுமா வரணும்? உங்களை நான் சந்தேகப்படுவேனா?" என்று சிரித்தார். "சரிங்க" என்றாள். அது என்ன பதில் என்று அவளுக்கே தெரியவில்லை. மெம்பர் வாய்விட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவளால் சோப்புக்கு உறைகூடச் சுற்ற முடியவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் ஓட்டுச்சீட்டு தெரிந்தது. "மடிப்பைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்களாம்" என்று மேஜையில் ஒருத்தி கதை விட்டபோது, கையிலிருந்த சோப்பு தரையில் விழுந்து ஓடியது. குனிந்து எடுப்பதுபோல் மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரிடம் சொல்வது? கணவனிடம் சொன்னால் பயத்திலேயே செத்துப்போவான். மகளிடம் எந்த வாயால் சொல்வது?

பத்தாம் நாள் ஆள் அகப்பட்டுவிட்டான் என்று செய்தி வந்தது. குழாய்க்காரர். காலனிக் குழாய்களை முப்பது வருஷமாகப் பழுது பார்க்கிற மனுஷர். தேர்தலுக்கு முந்தின வாரம் டீச்சர் வீட்டுக் குழாயைச் சரிசெய்திருக்கிறார், அது ஒன்றே சாட்சி. மெம்பர் ஆட்கள் போய், "நீதானே?" என்று கேட்டார்களாம். அவர் தலையைக் குனிந்துகொண்டாராம், மறுக்கவில்லை. வேலை போயிற்று. வீட்டை இரண்டு நாளில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது, மறைப்பானேன்? அந்த 'அப்பாடா'வுக்காகத் தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ளவேண்டும் போல இருந்தது அவளுக்கு. பாவம், அந்த மனுஷர் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் தன் தலையில் வாங்கிக்கொண்டாரே. என் ஓட்டுக்கு அவர் வீடா?

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், கால் போன போக்கில் போகிறவள்போல, குழாய்க்காரர் வீட்டுக்குப் போனாள். வாசலில் பாதி மூட்டை கட்டிக் கிடந்தது. அவர் ரெஞ்சுகளை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

"அண்ணா" என்றாள். "அண்ணா, நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஓட்டு நான் போட்டது. நான்தான். நீங்க ஏன் வாயே திறக்கல? இல்லைன்னு சொல்லியிருக்கலாமே!"

குழாய்க்காரர் கையிலிருந்த ரெஞ்சைக் கீழே வைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார், பைத்தியமா என்கிற மாதிரி.

"என்னம்மா உளர்றே? நான்தானே போட்டேன். எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு நேத்துலேருந்து மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருக்கேன். கண்டுபிடிச்சுட்டாங்க, இனிமே இல்லைன்னு சொல்லி என்ன பிரயோசனம்னுதான் பேசாம இருந்தேன்."

பலகையில் ஒன்று. இங்கே இரண்டு. கூட்டல் தெரிய ரொம்பப் படிப்பு வேண்டியதில்லை. அதுவரைக்கும் அவளுக்கு இருந்த பயம் மெம்பர்மேல். இப்போது வந்த பயத்துக்கு ஆளே இல்லை, ஓட்டுப் பெட்டிமேலேயே பயம். அவள் முக்கோணமாக மடித்துப் போட்ட அந்தச் சீட்டு எங்கே போயிற்று?

"டீச்சர்கிட்ட போவோம்" என்றார் குழாய்க்காரர்.

டீச்சர் கதவைத் திறந்ததும், இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துத் திடுக்கிட்டார். உள்ளே உட்காரவைத்து, அவர்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"முடிவு வந்த மறுநாள்லேருந்து ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா. 'டீச்சர், அந்த ஒரு ஓட்டு என்னோடது, தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு. இதுவரைக்கும் இருபத்திமூணு பேர்."

"இருபத்திமூணா!"

"பேர் கேக்காதீங்க. சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். ஒருத்தர் வந்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. ரெண்டு பேரா சேர்ந்து வந்தது நீங்கதான்." டீச்சர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அந்தப் பூத்துல ஓட்டுப் போட்டவங்க ரெண்டு பேர், எண்ணிக்கை மேல சந்தேகம்னு பேரோட எழுதிக் கொடுத்தா, பெட்டியைத் திறந்து மறுபடி எண்ணணும். அது சட்டம். யாருக்குப் போட்டீங்கன்னு எழுத வேண்டாம். நாளைக்கு அஞ்சு மணிதான் கடைசி."

"எழுதலேன்னா தெரியாதா டீச்சர்?" என்றாள் சரிங்கக்கா.

டீச்சர் பொய் சொல்லவில்லை. "தெரியும்" என்றார்.

"நான் போடறேன்" என்றார் குழாய்க்காரர். "என்கிட்ட இனிமே பிடுங்க என்ன இருக்கு?" இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவள் "சரிங்க" என்று சொல்லாமல் எழுந்து வந்தது அன்று ஒருநாள்தான்.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கணவன் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினான். "குடியைக் கெடுத்துட்டியே! உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? கையெழுத்துப் போட்டே, அப்புறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன்!" கத்தலும் ஜன்னலைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில்தான். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லு பாப்பா" என்றாள் அம்மா. "நீ வேண்டாம்னா போகமாட்டேன்."

"ஓட்டுப் போடறப்ப என்னைக் கேட்டியா?" என்றாள் மகள். "இப்ப மட்டும் ஏன் கேக்கறே? எனக்கு அந்த வேலை வேணும்மா. மூணு வருஷம் உழைச்சிருக்கேன். என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன். அதனால கேக்காதே." எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் மூன்றரை மணிக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அவள் கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் குழாய்க்காரர் காத்திருந்தார். தேர்தல் அலுவலகம் நான்கு நிறுத்தம் தள்ளி. பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் எழுந்தேவிட்டாள். படியில் கூட்டம், இறங்க முடியவில்லை. கூட்டம் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையே கிடையாது.

அலுவலகத்தில் ஒரு நீள மேஜை, பின்னால் சுவர் முழுக்கக் கோப்புகள். அலுவலர் படிவத்தை நீட்டினார். "இதோட ஒரு நகல் ஜெயிச்ச வேட்பாளருக்குப் போகும். தெரியுமில்ல?"

"எப்பங்க?"

"இன்னைக்கே. எத்தனை பேர், ரெண்டு பேரா?"

மகள் கழுத்தில் தொங்குகிற தற்காலிக வேலை அட்டை கண்முன் வந்து நின்றது, அந்தச் சின்னப் படமும், அதில் அவள் இழுத்து வாரியிருந்த தலையும். பேனாவை எடுத்தவள் மறுபடி கீழே வைத்துவிட்டாள். வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூணுங்க."

திரும்பினாள். கணவன். சரக்கு ஏற்றும் இடத்துச் சட்டையோடு, வேர்த்து விறுவிறுத்து நின்றான். அவளைத் தடுத்து இழுத்துப்போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் சொன்னது பிறகுதான் மண்டையில் ஏறியது.

"நீங்களா?" என்றாள்.

அவன் அவளைப் பார்க்காமல் சுவரிலிருந்த கோப்புகளைப் பார்த்துச் சொன்னான். "டீச்சர் வீட்டுக்கு முதல்ல போனதே நான்தான். முடிவு வந்த மறுநாளே."

முடிவு வந்து பன்னிரண்டு நாள். ஒரே கூரை, ஒரே பாய். இவள் இந்தப் பக்கம் திரும்பி நடுங்கிக்கொண்டிருக்க, அவன் அந்தப் பக்கம் திரும்பி நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். மெம்பர் எதிரே இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்று, "நாங்க இல்லீங்க" என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறார்கள்! அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்ப நேத்து என்னை அந்தக் கத்துக் கத்தினீங்களே! என்னைத் தனியா நடுங்க விட்டுட்டு வேடிக்கை பார்த்தீங்களா?"

"நீ மட்டும் என்கிட்ட சொன்னியா?"

"நான் பயந்தேன்!"

"நான் பயப்படலையா?"

"ஐயா, அம்மா" என்றார் அலுவலர். "கையெழுத்துப் போடறீங்களா, சண்டை போடறீங்களா? நாலே முக்கால் ஆகுது."

அவள் போட்டாள். விரல் நடுங்கி, கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி வந்தது. அலுவலர் அதை ஓட்டுப் போட்ட அன்று அவள் பதிவேட்டில் போட்டிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இது உங்க கையெழுத்து மாதிரியே இல்லையே" என்றார். வேறு படிவம் எடுத்து நீட்டினார். "நிதானமா போடுங்க."

நிதானத்துக்கு எங்கே போவாள்? இரண்டாவதும் கோணியது. மூன்றாவது படிவத்தில் கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், அவன் கை அவளுடையதைவிட அதிகமாக ஆடியது. "விடுங்க, நானே போடறேன்" என்று உதறினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதி முடித்தாள். அலுவலர் பார்த்தார், தலையசைத்தார், முத்திரை குத்தினார். பிறகு குழாய்க்காரர் போட்டார். பிறகு கணவன்.

வெளியே வந்து நிறுத்தத்தில் நின்றார்கள். குழாய்க்காரர் எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸில், புது இடத்துக்கு, ஏறிப் போய்விட்டார். இந்நேரம் நகல் கிளம்பியிருக்கும் என்று அவள் நினைத்தாள். மகள் ஐந்தரைக்கு வேலை முடிந்து வருவாள்.

"பாப்பாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள்.

"என்னால முடியாது, நீயே சொல்லு" என்றான் அவன்.

பஸ் வந்தது. அதற்குள்ளும் அது முடிவாகவில்லை. காலனி நிறுத்தத்தில் இறங்கியபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை வாசலில் மகள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அட்டை இல்லை. நகல் இவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. நடுவே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மகள் அவர்களைப் பார்த்துவிட்டாள், ஆனால் கையசைக்கவில்லை. இரண்டு பேரும் இந்தப் பக்கம் நின்று, வண்டி குறைவதற்காகக் காத்திருந்தார்கள்.